தொழிற்சாலையில் உடல்நல, பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

ஆய்வாளர் நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தால் போதும், ஒரே இரவில் தொழிற்சாலை ஆளே மாறிவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பளபளக்கும். நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டிகள் எங்கேயோ மறைந்துவிடும். ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடந்த பாதுகாப்புக் கண்ணாடிகள் எல்லார் முகத்திலும் ஏறும். மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி.

இந்தக் கூத்தில் நானும் பங்கெடுத்திருக்கிறேன். ஆனால் பல வருடம் இந்த வேலையைப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. மெஷின் ஒழுங்காக ஓடி, ஆபரேட்டர் தன் இடத்தில் நிற்கும்போது அடிபடுவது குறைவு. பொருள் சிக்கிக்கொண்டது, உள்ளே கழுவ வேண்டியிருக்கிறது, பெல்ட் மாற்ற வேண்டும், இரவு ஷிஃப்டில் ஆள் பற்றவில்லை, வந்திருக்கும் கான்ட்ராக்ட் ஆள் புதிது: இப்படிப்பட்ட நேரத்தில்தான் விரல் போகிறது, உயிரும் போகிறது. ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பதோ எல்லாம் நல்லபடி ஓடும் அரை நாளை. அதனால் விதிகளை நிறைவேற்றுவது என்றால், அந்தக் கோணலான நேரங்களுக்கும் விதி எட்டும்படி செய்வது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கீழே உள்ள வரிசை 20 பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் 2,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கும் பொருந்தும்.

1. எந்த விதி உங்களுக்குப் பொருந்தும்?

ஒரே ஒரு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைச் சட்டம் ஒரு பக்கம் இருக்கும். தீயணைப்புத் துறையின் அனுமதி, கொதிகலன் சோதனை, மின் ஆய்வு, ரசாயனச் சேமிப்பு, கட்டட உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகமும் தனித்தனித் தேதியும் இருக்கும். நான்கு பத்தி போட்ட ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: விதி என்ன கேட்கிறது, நம் ஆலையில் அது எந்த இடத்தைத் தொடுகிறது, யார் பொறுப்பு, அடுத்த தேதி எது. பொறுப்பு என்ற பத்தியில் ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். 'பராமரிப்புத் துறை' என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை என்று அர்த்தம்.

காலமுறைச் சோதனைகளில் வழக்கமாகத் தவறவிடுவது சின்னச் சின்னப் பொருட்களை. கிரேனுக்குச் சான்றிதழ் பத்திரமாக இருக்கும். அதில் மாட்டித் தூக்கும் சங்கிலி, பெல்ட், ஷேக்கிள் (U வடிவ இரும்புக் கொண்டி) இவற்றுக்கு இருக்காது. கம்ப்ரெஸருக்குப் பராமரிப்பு அட்டை தொங்கும். பக்கத்தில் நிற்கும் காற்றுத் தொட்டியின் சேஃப்டி வால்வைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடியில் ஓடும் நூல் ஒன்றுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-ல் கொண்டுவந்த 155-ஆம் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை எந்த முதலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது. 2022 ஜூனில் அந்த அமைப்பு பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கும் இடங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஐஎஸ்ஓ 45001 பற்றியும் ஒரு வார்த்தை. பணியிடப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக 2018-ல் வந்த இந்தச் சர்வதேசத் தரம், வேலையை முறைப்படுத்த நல்ல சட்டகம். ஆனால் அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்குவதால் நாட்டின் சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு.

2. ஆபரேட்டரோடு ஒரு நடை

அடுத்தது, ஆபத்துகளைக் கண்டுபிடிப்பது. இதை அலுவலக அறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மேலாளரோடு மட்டும் நடக்காதீர்கள், அவர் காட்ட விரும்புவதைத்தான் காட்டுவார். மெஷினில் நிற்பவரோடு நடங்கள். பகலில் ஒரு முறை, ஷிஃப்ட் மாறும்போது ஒரு முறை, நடுராத்திரியில் ஒரு முறை.

"பாதுகாப்பாக வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "அண்ணே, இது அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அங்கேதான் விஷயம் வெளியே வரும்.

ஓர் ஆலையில் கன்வேயர் பெல்ட் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி சாய்ந்து நின்றது. ஒன்றரை மீட்டர் நீளம், நுனியில் கொக்கி. ஒரு முனை துருப்பிடித்திருந்தது. கை பிடிக்கும் முனை மட்டும் வெள்ளி மாதிரி வழவழவென்று இருந்தது. எழுதி வைத்த செயல்முறையில் அப்படி ஒரு கம்பியே கிடையாது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோலருக்கு அடியில் சேரும் துணுக்குகளை அந்தக் கம்பியை உள்ளே விட்டுத்தான் இழுத்திருக்கிறார்கள், தினமும், வருடக்கணக்கில். நிறுத்தினால் மறுபடி ஓட்ட இருபது நிமிடம் ஆகும், சூப்பர்வைசர் திட்டுவார். அந்தக் கம்பி ரோலரில் மாட்டியிருந்தால் பிடித்திருந்த கையையும் சேர்த்து இழுத்திருக்கும். கம்பியைப் பிடுங்கி எறிவது தீர்வே அல்ல, வேறொரு கம்பி வரும். துணுக்கு சேராதபடி ஒரு சுரண்டியும், வெளியிலிருந்தே திறந்து எடுக்கும் தட்டும் வைத்த பிறகு அந்தக் கம்பிக்கு வேலையில்லாமல் போனது.

இந்த மாதிரித் தடயங்களைத் தேடுங்கள். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய இன்டர்லாக் ஸ்விட்சை ஏமாற்ற அதில் ஒட்டிய காந்தம். போல்ட் நான்கில் ஒன்று மட்டும் மிச்சமிருக்கும் மூடி. குழாயைச் சுற்றிக் கட்டிய துணி. ஏணி வைக்க இடமில்லாமல் ஏறி ஏறிப் பெயிண்ட் தேய்ந்த சட்டம். ஒவ்வொன்றும், எழுதிய முறைக்கும் நடக்கும் முறைக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சொல்கிறது.

3. எழுதி வையுங்கள், ஆனால் மார்க் போடுவதில் மயங்காதீர்கள்

பார்த்ததை எல்லாம் ஓர் ஆபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். என்ன ஆபத்து, யாருக்கு, எந்த வேலையின்போது, இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5 என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் ஒரு தந்திரமும் பரவலாக இருக்கிறது: செலவு வைக்கும் விஷயத்துக்கு 12 வந்தால், கூட்டத்தில் பேசிப் பேசி 8 ஆக்கிவிடுவார்கள். என் பழக்கம் வேறு. உயிரோ உறுப்போ போகக்கூடியது என்றால், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைத் தனித் தாளில் எழுதி முதலில் எடுப்பேன்.

4. தடுப்பை மேலிருந்து தொடங்குங்கள்

ஆபத்தைக் கட்டுப்படுத்த ஐந்து படிகள் உண்டு, மேலே இருப்பது வலுவானது. ஆபத்தையே நீக்குவது, குறைந்த ஆபத்துள்ள ஒன்றை மாற்றாக வைப்பது, பொறியியல் முறையில் தடுப்பது, வேலை முறையை மாற்றுவது, கடைசியாகத் தனிநபர்ப் பாதுகாப்பு உபகரணம்.

கிரீஸ் பிடித்த பாகங்களைத் திறந்த தொட்டியில், மூக்கைத் துளைக்கும் கரைப்பான் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: பாகத்துக்கு ஏன் அவ்வளவு கிரீஸ்? சப்ளையரிடம் சொல்லிக் குறைக்க முடிந்தால் கழுவும் வேலையே போய்விடும். முடியாவிட்டால், சோப்புக் கலந்த சுடுநீர் போதுமா என்று பாருங்கள். அதுவும் ஆகாது என்றால் தொட்டிக்கு மூடியும், விளிம்பிலேயே ஆவியை இழுக்கும் காற்றுக்குழாயும் பொருத்துங்கள். அப்புறம் நேரத்தைக் குறைப்பது, ஆளை மாற்றி விடுவது. இதெல்லாம் முடிந்தும் மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் முகமூடியும் கையுறையும். பெரும்பாலான இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் முகமூடியை இன்றைக்கே வாங்கிவிடலாம்.

5. மெஷின்கள்

சுழல்வது, வெட்டுவது, அழுத்துவது, இரண்டு ரோலர் சேருமிடத்தில் உள்ளே இழுப்பது: இந்த நான்கையும் ஒவ்வொரு மெஷினிலும் தேடுங்கள். விரல் எட்டும் தூரத்தில் இருந்தால் மூடி வேண்டும். கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி மூடி இருக்க வேண்டும். அடிக்கடி திறக்க வேண்டிய இடம் என்றால், திறந்தவுடன் நிற்கும்படி இன்டர்லாக் வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் ஆபரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டவேண்டும். அமுக்கினால் அமுங்கியபடியே நிற்க வேண்டும், விடுவித்த உடனே மெஷின் தானாகக் கிளம்பிவிடக் கூடாது.

ஒரு சின்ன மெஷினை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். மேஜை கிரைண்டர் எல்லா ஆலையிலும் ஒரு மூலையில் இருக்கும், யாருடைய பொறுப்பிலும் இருக்காது. சக்கரத்துக்கும் பொருளைத் தாங்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலே உள்ள நாக்குத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 6 மில்லிமீட்டர். சக்கரம் தேயத் தேய இடைவெளி அகலும். யாரும் சரிசெய்ய மாட்டார்கள். ஒருநாள் சின்னப் பாகம் ஒன்று அந்தச் சந்தில் இறங்கிச் சிக்கும், சக்கரம் வெடிக்கும். புதுச் சக்கரத்தை மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. சத்தம் செத்துக் கேட்டால் விரிசல் இருக்கிறது, மாட்டாதீர்கள். சக்கரத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் மோட்டாரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மாட்டியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள்.

கையுறை எல்லா இடத்திலும் நல்லது என்ற நினைப்பும் தவறு. டிரில்லிங், லேத் போன்ற சுழலும் மெஷின்களில் கையுறையின் ஒரு நூல் மாட்டினால் கை முழுவதும் சுற்றிக்கொள்ளும். அங்கே கையுறை, தொளதொளச் சட்டை, மோதிரம், அவிழ்ந்த கூந்தல், தொங்கும் துப்பட்டா எதுவும் ஆகாது.

6. பூட்டு: இதில் மட்டும் சமரசம் கிடையாது

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் நேரமிருந்து செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். பழுது பார்க்கவோ கழுவவோ அடைப்பை எடுக்கவோ ஒருவர் மெஷினுக்குள் கையையோ தலையையோ விடும்போது, வேறு யாரும் அதை ஓட்டிவிட முடியாதபடி அதற்கு வரும் சக்தி எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டுவது. லாக் அவுட், டேக் அவுட் என்பார்கள். வரிசை இப்படி:

1. இந்த மெஷினுக்கு எங்கெங்கிருந்து சக்தி வருகிறது என்று எழுதி வைத்த தாளைப் பாருங்கள். மின்சாரம் ஒன்று மட்டும் இருக்காது. காற்று, ஹைட்ராலிக் எண்ணெய், நீராவி, ஈர்ப்பு விசை எல்லாம் உண்டு.
2. பாதிக்கப்படும் எல்லாருக்கும் சொல்லுங்கள்.
3. வழக்கமான முறையில் மெஷினை நிறுத்துங்கள்.
4. மெயின் ஸ்விட்சை அணைத்து, வால்வுகளை மூடுங்கள். கன்ட்ரோல் பேனலின் நிறுத்தப் பொத்தான் இதற்குப் போதாது.
5. ஒவ்வொரு இடத்திலும் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.
6. உள்ளே தேங்கியிருக்கும் சக்தியை வெளியேற்றுங்கள். காற்றைத் திறந்துவிடுங்கள், தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுங்கள், கெபாசிட்டரை முறைப்படி டிஸ்சார்ஜ் செய்யுங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள்.
7. ஆட்கள் விலகி நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஓடவில்லை என்று உறுதியானதும் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஏழாவது படியைப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். நான் இருந்த ஓர் ஆலையில் இரண்டு மிக்ஸர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஃபிட்டர் எல்லாம் முறைப்படி செய்து, 3-ஆம் நம்பர் என்று எழுதிய ஸ்விட்சைப் பூட்டினார். ஸ்டார்ட்டை அமுக்கினார். மிக்ஸர் சுற்றியது. எப்போதோ பேனலை மாற்றிப் பொருத்தியவர் பெயர்ச் சீட்டுகளை மாற்றவில்லை, அவர் பூட்டியது பக்கத்து மிக்ஸரின் ஸ்விட்சை. அமுக்கிப் பார்க்காமல் அவர் உள்ளே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு தொங்க வேண்டும். ஷிஃப்ட் மாறினால், வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவர் தன் பூட்டை எடுக்க வேண்டும். பூட்டைப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார், உடைக்கலாமா? அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதி செய்து, அவரோடு பேச முயன்று, உள்ளே யாருமில்லை என்று நேரில் பார்த்து, பொறுப்பதிகாரி கையெழுத்திட்டு, அடுத்த முறை அவர் உள்ளே வரும்போது வாசலிலேயே சொல்லிவிடுவதாக இருந்தால் மட்டும் உடைக்கலாம். இதற்குக் குறுக்குவழி வேண்டாம்.

7. அனுமதிச் சீட்டு வேண்டிய வேலைகள்

வெல்டிங், உயரத்தில் வேலை, தொட்டிக்குள் இறங்குவது இவற்றுக்கு பெர்மிட் முறை வேண்டும். பெர்மிட்டில் கையெழுத்திடுபவர் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து பத்துத் தாளில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால் அது பெர்மிட் இல்லை, வெறும் காகிதம்.

வெல்டிங் பொறி கண்ணுக்குத் தெரியாமல் தூரமாய்ப் போய் விழும். சுற்றிலும் 11 மீட்டர் தூரத்துக்குள் எரியக்கூடியதை அகற்றுங்கள் அல்லது தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். வேலை முடிந்த பின்னும் ஒருவர் தீயணைப்பானோடு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காவல் இருக்கட்டும். காலி பேரல் என்று நினைத்து வெல்டிங் வைக்காதீர்கள். திரவம் காலியானாலும் ஆவி உள்ளேதான் இருக்கும், அதுதான் வெடிக்கும்.

தொட்டி, குழி, சைலோ (தானியமோ தூளோ கொட்டி வைக்கும் உயரமான கலன்), சாக்கடை: மூடிய இடங்களில் காற்று கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். இறங்கும் முன் வாயு அளக்கும் மீட்டரை உள்ளே விட்டு, முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்ற வரிசையில் அளக்க வேண்டும். மேலே, நடுவே, அடியில் மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எரியும் வாயு, வெடிக்கும் கீழ் வரம்பில் (அது தீப்பற்றி வெடிக்கக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தைத் தொட்டால் இறங்கக் கூடாது. வேலை நடக்கும்போதும் மீட்டர் ஓடட்டும். வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும், அவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பார்த்தவர் பதறிக் குதிப்பார், அவரும் விழுவார், மூன்றாமவரும் விழுவார். இப்படிக் காப்பாற்றப் போனவர்கள் வரிசையாகச் சாவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. காவலருக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், உள்ளே இறங்காதே, கயிற்றை இழு, உதவியைக் கூப்பிடு.

8. தீயும் வெளியேறும் வழியும்

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. நூறு வருடம் கழிந்தும் திருட்டுப் பயம் என்று சொல்லி அவசர வழியைப் பூட்டுகிற இடங்களை நான் பார்க்கிறேன். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் கட்டைக் கைப்பிடி பொருத்தி, திறந்தால் மணி அடிக்கும்படி வைத்தால் திருட்டுப் பயமும் தீரும்.

தூசியையும் தீக் கணக்கில் சேருங்கள். மாவு, சர்க்கரை, மரத்தூள், அலுமினியத் தூள் எல்லாம் காற்றில் பறந்தால் வெடிக்கும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்பு, விட்டங்களிலும் தரையிலும் படிந்திருந்த தூசியைக் கிளப்பிவிட, அடுத்தடுத்து வெடித்தது. உத்தரத்தின் மேல் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் இன்றே சுத்தம் செய்யுங்கள், ஆனால் காற்றடித்து ஊதாதீர்கள்.

தீ ஒத்திகையைச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எல்லாருக்கும் சொல்லிவிட்டு நடத்துவதில் பயன் குறைவு. இரவு ஷிஃப்டில் ஒரு முறை நடத்துங்கள். ஒரு வாசலில் 'இங்கே தீ' என்று ஒரு பலகை வைத்து மறித்துப் பாருங்கள். வெளியே வந்தவர்களை எண்ணும்போது கான்ட்ராக்ட் ஆட்கள், லாரி டிரைவர்கள், விருந்தினர்கள் கணக்கில் வருகிறார்களா? பெரும்பாலும் வர மாட்டார்கள்.

கட்டடத்தையும் மறக்கவேண்டாம். வங்கதேசத்தின் ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடின. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 155-ஆம் ஒப்பந்தம் சொல்லும் விலகும் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. "இல்லை, நான் போக மாட்டேன்" என்று ஒரு தையல்காரர் சொன்னால் உங்கள் ஆலையில் யார் கேட்பார், எப்படி முடிவெடுப்பார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

9. ரசாயனங்கள்

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் வாங்கி வையுங்கள். 16 பிரிவுகள் இருக்கும். அவசரத்துக்கு 2 (ஆபத்து), 4 (முதலுதவி), 5 (தீ), 6 (கசிவு), 7 (கையாளுதல், சேமிப்பு), 8 (பாதுகாப்பு உபகரணம்) போதும். அவற்றைத் தொழிலாளர் பேசும் மொழியில் ஒரே பக்கமாக எழுதி, அந்தப் பொருள் இருக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். அலுவலக அலமாரியில் உள்ள தாள் கண்ணில் ஆசிட் தெறித்தவருக்கு உதவாது.

கேனிலிருந்து சின்னப் பாட்டிலுக்கு ஊற்றினால் அதற்கும் பெயர்ச் சீட்டு வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றவே கூடாது. கண் கழுவும் இடம் பத்து விநாடி நடையில் இருக்க வேண்டும், 15 நிமிடம் தொடர்ந்து தண்ணீர் வர வேண்டும். வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள். பல மாதம் திறக்காத குழாயில் முதலில் வருவது துருத் தண்ணீர்தான், அதைக் கண்ணில் ஊற்றவா?

10. மெல்லக் கெடுக்கும் விஷயங்கள்

விரல் துண்டானால் ஊரே பேசும். காது போனால் யாருக்கும் தெரியாது, போனவருக்கே பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள். 85-ல் எட்டு மணி நேரம் என்பது பரவலான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கும், நேரம் பாதியாகும்: 88-ல் நான்கு மணி, 91-ல் இரண்டு மணி. உங்கள் நாட்டுச் சட்டம் வேறு எண் சொல்லலாம், கடுமையானதைப் பின்பற்றினால் பிழையில்லை. நுரை இயர்பிளக்கைக் கொடுத்தால் மட்டும் போதாது, போடவும் சொல்லித்தாருங்கள்: விரலில் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, நுரை விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் அதை வெளியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள்.

கல், கான்கிரீட், வார்ப்பு மணல் வேலைகளில் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தி, ஈரமாக்கித் துடையுங்கள் அல்லது அதற்கான வாக்குவம் வாங்குங்கள். முகத்தோடு ஒட்டும் முகமூடி, தாடி இருந்தால் ஒட்டாது.

உலை, நீராவிப் பக்கம் வேலை செய்யப் புதிதாக வருபவருக்கு உடல் பழக நாள் வேண்டும். முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டுங்கள். தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்லுங்கள்.

11. ஆட்களும் பயிற்சியும்

நூறு பேரை ஹாலில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் படம் காட்டிக் கையெழுத்து வாங்குவது பதிவேட்டுக்கு நல்லது. மெஷின் பக்கத்தில் நின்று பத்து நிமிடம், "நீங்களே ஒரு தடவை பூட்டிக் காட்டுங்கள்" என்பது ஆளுக்கு நல்லது. புதியவர், வேறு மெஷினுக்கு மாறியவர், நீண்ட லீவு முடிந்து வந்தவர் மூவருக்கும் மறுபடி காட்டுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு உங்கள் ஆட்களுக்கு உள்ள அதே விதி, அதே ஷூ.

பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் பாதியாவது இருக்கட்டும், அவர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டக் குறிப்பில் போன முறை எழுப்பிய விஷயம் என்ன ஆனது என்ற வரி முதலில் வர வேண்டும்.

12. விபத்து நடந்தால், நடக்கவிருந்தால்

முதல் வேலை சிகிச்சை. அடுத்தது இடத்தைப் பாதுகாத்து, யாரும் கலைக்காமல் வைப்பது. பிறகு படம், அளவு, பார்த்தவர்களின் வாக்குமூலம் அன்றைக்கே. சட்டம் சொல்லும் நேரத்துக்குள் உரிய அரசு அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும், அந்த நேரம் எவ்வளவு என்பதை முன்பே தெரிந்துவையுங்கள்.

விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். ஏன் என்று இன்னும் நான்கு முறை கேளுங்கள். கை ஏன் உள்ளே போனது? அடைப்பு. ஏன் அடைப்பு? பொருள் ஈரம். ஏன் ஈரம்? கூரை ஒழுகுகிறது. ஏன் சரிசெய்யவில்லை? மூன்று மாதம் முன்பு எழுதிய விண்ணப்பம் நிலுவையில் கிடக்கிறது.

'விபத்தில்லாத 200 நாட்கள்' என்று பலகை வைத்து, நாள் கணக்குக்குப் பரிசு கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு இடத்தில் விரல் நசுங்கியவரை நண்பர்களே தனியார் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, பையில் கையை விட்டுக்கொண்டு நிற்க வைத்தார்கள். எல்லாருடைய பரிசும் போய்விடுமே! பரிசு கொடுப்பதென்றால், மயிரிழையில் தப்பியதை எழுதிக் கொடுத்தவருக்குக் கொடுங்கள்.

13. ஆய்வு நாள்

பதிவேடுகள் ஒரே இடத்தில் இருக்கட்டும்: சோதனைச் சான்றுகள், பயிற்சிப் பதிவு, பெர்மிட்டுகள், மருத்துவப் பரிசோதனை, விபத்துப் பதிவு, குழுக் கூட்டக் குறிப்பு. தொழிலாளர்களின் தனிப்பட்ட மருத்துவ விவரம் மட்டும் பூட்டிய அலமாரியில், உரியவர் பார்வைக்கு மட்டும்.

ஆய்வாளர் தேர்ந்தவராக இருந்தால் காகிதத்தை விட்டுவிட்டு ஓர் ஆபரேட்டரிடம் போய், "இது அடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். யாரையும் பதில் மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், முகத்திலேயே தெரிந்துவிடும். குறை சொன்னால் வாதாட வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள், உடனே சரிசெய்யக் கூடியதை அவர் கண் முன்னாலேயே சரிசெய்யுங்கள். மற்றவற்றுக்குத் தேதியும் ஆளும் குறித்து, முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலின் நகலை மெஷின் பக்கத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். அங்கே நிற்பவர் படித்துவிட்டு, "இதை இன்னும் செய்யவில்லையே" என்று கேட்க வசதியாக இருக்கும்.